உறங்கும்போது வைத்த கைநாட்டு

செவ்வாய், இரவு.

நோட்டரி வேலையாகத் தச்சநல்லூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். படுக்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் மகனுக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார். பத்திரத்தில் ஏற்கெனவே கைநாட்டு இருந்தது.

“அப்பாவுக்குக் கை நடுங்குதுல்லா மேடம். உங்களுக்கும் சிரமம் வேண்டாமேன்னு அவங்க உறங்கையிலயே வச்சாச்சு” என்றார் மகன், நல்லது செய்த முகத்தோடு.

என் கண்முன் வைக்காதது செல்லாதென்று அதை அடித்துவிட்டு, அவரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். சம்மதம்தான் என்றார். பிறகு விரலில் இருந்த மையைப் பார்த்தார்.

“ஏலே, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னா நெனச்ச?”

பேனாவைக் கேட்டு வாங்கி, பத்து நிமிடம் நடுங்கி நடுங்கி இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினார்.

மகனை நான் எப்படிக் குறை சொல்ல? நான் வந்ததும் அவர் பத்திரத்தை நீட்டியபோது, உறங்குகிறவரை எழுப்பச் சொல்லாமல் நானும் முதலில் எடுத்தது முத்திரையைத்தான்.