பதினாறாம் நம்பருக்குக் காட்டிய கை

நேற்று மத்தியானம் என் மருந்துக்கடைக்கு ஒருத்தி வந்தாள். ஐந்தருவியில் குளித்த ஈரம் கூந்தலில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் மசாஜ் எண்ணெய் வாசனை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "யக்கா, ரெண்டு கேஸ் மாத்திரை குடுங்க. தோள்ல வாயு பிடிச்சிருக்கு. அருவியில நின்னேன், பாதி வலி விட்டுட்டு" என்றாள்.

மாத்திரை டப்பாவுக்குப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது.

"எத்தனை நாளா வலிக்குது?"

"நாலு நாளா."

"தாடையிலயும் வலி இருக்கா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மாத்திரை கிடையாது. எதிர்த்தாப்ல ஆஸ்பத்திரி இருக்கு, மொதல்ல ஒரு ஈசிஜி எடுத்துட்டு வா" என்றேன். "மாத்திரை கேட்டா வைத்தியம் சொல்லுதிய" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். அங்கே வாங்கி, அங்கேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததை நான் இங்கிருந்து பார்த்தேன். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டாள். ராத்திரி முழுக்க அவள் முகம்தான். இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் இதே சாரல்தான். நீ ஐந்தருவி ரோட்டில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்துக்கொண்டு, விலை பேச வருகிறவர்களை வாய்ப்பேச்சிலேயே மடக்கிக்கொண்டிருந்தாய். இசக்கியிடமிருந்து போன் வந்தபோது நானும் உன் பக்கத்தில்தான் நின்றேன். இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் எடுத்திருக்கிறார்கள், வெளிநாட்டுக் கிளப் ஒன்றோடு எர்ணாகுளத்தில் சிநேக ஆட்டம் என்று உன் மகள் சொன்னாள்.

"சிநேக ஆட்டம்னா என்னட்டீ?" என்று என்னைக் கேட்டாய்.

"சும்மா ஆடிப் பாக்கது. கப்பு கிப்பு கிடையாது."

"கப்பு கெடக்கட்டும். பனியன்ல இந்தியான்னு போட்டிருக்குமா?"

"போட்டிருக்கும்."

"அப்பம் கடையை அடைச்சிருவோம்."

சீசனில் நீ கடையை அடைத்து யாரும் பார்த்ததில்லை. இசக்கி அப்பா பட்டாளத்தில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்த வருஷம்கூடப் பத்தாம் நாள் கடையைத் திறந்தவள் நீ. இலஞ்சிப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆரம்பித்து மகள் எத்தனையோ ஊரில் ஆடிவிட்டாள், ஒரு ஆட்டமும் நீ பார்த்ததில்லை. தாழ்ப்பாளைப் போடும்போது பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர், "என்ன, சீசன்லயே பூட்டுதிய?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

அதற்கு நாலு நாள் முன்னால் பழப்பெட்டி தூக்கும்போது உனக்குத் தோளில் பிடித்தது. நம் ஊரில் பிடிப்பு என்றால் வேறு யோசனையே கிடையாது. முழங்கால் வலியா, கழுத்து வலியா, பிள்ளை பெற்ற இடுப்பா, எல்லாவற்றுக்கும் எண்ணெயும் அருவியும்தான். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை இருபது வருஷமாக நான் விற்கிறேன். எந்த வலிக்கு என்று மனப்பாடமாகத் தெரியும். அப்படிப்பட்ட நான் உன்னைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்கையால் அழுத்தி அழுத்தி எண்ணெய் தேய்த்தேன். என்னை நினைத்தால் எனக்கே எரிகிறது.

அன்றைக்கு அருவித் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அடிக்கொரு தரம் விசில் ஊதினார். நீ பெண்கள் பக்கத்தில் போய் இடது தோளைத் தண்ணீருக்குக் கொடுத்து நின்றாய். வெளியே வரும்போது உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. "விட்டுட்டுட்டீ, சுத்தமா விட்டுட்டு" என்று சிரித்தாய். குளிரில் மரத்துப்போனதைத்தான் நாம் விட்டுவிட்டது என்கிறோம்.

எர்ணாகுளத்துக்குக் கிளம்பும்போது உனக்கு நிலைப்படியில் கால் இடறியது. நான்தான் விடவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், உட்கார வைத்து, ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடியும் வலது காலை எடுத்து வைக்கச் சொன்னேன். கால் விரலுக்கு அத்தனை மரியாதை செய்தோம். தோளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செங்கோட்டையில் ரயில் ஏறினோம். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் நீ என் கையைப் பிடித்தாய். உன் உள்ளங்கை வழுவழுவென்றிருந்தது. குளித்த பிறகும் எண்ணெய் போகவில்லை போல என்று நினைத்தேன். வெளிச்சத்துக்கு வந்தபோது பார்த்தால் வேர்வை. ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, பெட்டியில் எல்லோரும் துண்டைப் போர்த்தியிருந்தார்கள், உனக்கு மட்டும் வேர்த்தது. "புழுக்கமா இருக்குட்டீ" என்றாய். நானும் சரி என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெரிய மைதானத்தில் பாதிக்கு மேல் காலி நாற்காலி. பெண்கள் ஆட்டம்தானே என்று ஊரார் வரவில்லை. படியில் ஏறும்போது நீ மூன்று இடத்தில் உட்கார்ந்தாய். "நீ முன்ன போ, நான் வாரேன்" என்றாய். நமக்குக் கிடைத்த வரிசைக்கு நேர் கீழே, கொடி நட்டிருந்த மூலையில், ஒரு ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்து வைத்தபடி நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தாடை வலிக்குது" என்று நீ சொன்னபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஏட்டி, எந்திரி. கீழ போவோம்" என்றேன்.

"சும்மா இரி. அங்கன போனா ஆளு கூடிரும். புள்ள இந்தப் பக்கந்தான் நம்மளைத் தேடிக்கிட்டு இருக்கா. அவளை எறக்கப் போற நேரத்துல நான் கெடக்கத அவ பாக்கணுமா?"

"உயிரு போயிட்டுன்னா?"

"ஆட்டம் முடியட்டும். முடிஞ்ச ஒடனே நானே நடந்து போயி அந்த வண்டியில ஏறிக்கிடுதேன். இசக்கி மேல சத்தியம்."

மகள் மேல் சத்தியம் வைத்தபின் நான் என்ன செய்வேன்? கத்தியிருக்கலாம். உன் சேலையைப் பிடித்து இழுத்திருக்கலாம். நான் பையிலிருந்து ஒரு கேஸ் மாத்திரையை எடுத்து உன் கையில் வைத்தேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி, அந்த மாத்திரையை எடுத்த என் கை மேல்.

வெளிநாட்டுக்காரிகள் இரண்டு கோல் போட்டார்கள். நீ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஆள் மாற்றும் பலகை உயரும்போதெல்லாம் நாற்காலி விளிம்புக்கு வந்தாய், வேறு நம்பர் என்றதும் சாய்ந்தாய். நான் ஒரு கண்ணால் உன்னையும் மறு கண்ணால் கீழே இருந்த வண்டியையும் பார்த்தேன். ஒரு தடவை அதன் டிரைவர் கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது இசக்கியின் பதினாறாம் நம்பர் உயர்ந்தது. நீ எழுந்து நின்றுவிட்டாய். "ஏட்டி இசக்கீ!" என்று நீ போட்ட சத்தத்தில் முன் வரிசை மலையாளிகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உன் மகள் முதல் பந்தையே ஓங்கி உதைத்துக் கூட்டத்துக்குள் அனுப்பினாள். "பாத்தியா, அப்பனுக்க கால் அப்படியே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். "செத்த சாஞ்சுக்கிடுதேன்" என்று என் தோளில் தலை வைத்தாய்.

நான் ஆட்டத்தைப் பார்த்தேன். இதை உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மிச்ச நேரம் முழுக்க உன்னைப் பார்க்கவில்லை, அவள் காலடியில் இருந்த பந்தைத்தான் பார்த்தேன்.

விசில் ஊதியது. இசக்கி நேராக நம் பக்கம் வந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து வரிசை வரிசையாகத் தேடினாள். "கையைக் காட்டுட்டீ, தேடுதா" என்றேன். நீ அசையவில்லை. உன் கையை நான் எடுத்தேன். எடுத்த உடனே தெரிந்துவிட்டது. தூங்குகிறவர்கள் கை அப்படிக் கனக்காது.

அப்போதுதான் அவள் நம்மைக் கண்டுபிடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் உன் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். அவள் துள்ளிக் குதித்து இரண்டு கையையும் ஆட்டினாள். தோழிகள் கூப்பிட்டார்கள், திரும்பி ஓடினாள். அதன் பிறகுதான் நான் கத்தினேன்.

கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னார். எத்தனை நிமிஷத்துக்கு முன்னால் என்று நான் கேட்கவில்லை. உன் கையை எத்தனை தரம் ஆட்டினேன் என்று மட்டும் எனக்குத் தெரியும். மூன்று தரம்.

இன்றைக்குக் காலையில் இசக்கி போன் பண்ணினாள். அடுத்த மாசம் அதே மைதானத்தில் ஆட்டமாம், இந்தத் தடவை முதலிலிருந்தே ஆடுகிறாளாம். "சித்தி, அதே வரிசையில சீட்டு கேட்டிருக்கேன். நீங்க வரணும். அம்மா மாதிரியே கை காட்டணும்" என்றாள். "அம்மா அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா கை ஆட்டுனா, என்ன சித்தி? அதை நெனைச்சுதான் நான் ஆடுதேன்."

"ஆமாட்டீ. சந்தோஷமாத்தான் ஆட்டுனா" என்றேன்.

நான் போவேன். ஆட்டம் முடிந்ததும் அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாள். அப்போது நான் தூக்க வேண்டியது என் கையை மட்டும்தான். அது முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.