தாழ்ந்துபோன முகட்டு உத்திரத்தின் பொருட்டு

நலம் பெருகுக. வேங்கைநாட்டின் தனிக்கோல் வேந்தர், பகைவர்க்கும் சோறிட்ட பெருங்கையர், ஆதவமாறர் திருவடிக்கு, மனைப்பணி அமைச்சன் நீர்க்குன்றத்துச் சேந்தன் தீட்டும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் களஞ்சியமும் இனிதிருக்க. யானும் இனிதிருக்கின்றேன் என்றெழுத எழுத்தாணி மறுக்கின்றது.

அரண்மனை சலித்தது, வயல் நடுவே உழவன் வீடு போலொரு வீடு வேண்டும் எனப் பணித்தருளினீர். புறத்தே மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாய் எளிமை தோன்றவேண்டும். அகத்தே நூறுபேர் அமரும் கூடமும் வேண்டும். கட்டிலிலிருந்தே நெற்கதிர் தெரியச் சாளரம் அகலவேண்டும். அதை மறைக்கும் கூரைவிளிம்பு, அந்த இறவாரம், குறுகவேண்டும். மண்சுவர் நனையாதிருக்கவே உழவன் இறவாரத்தை நீட்டுகின்றான் என யான் விண்ணப்பித்தபோது, அழகறியாதவன் என அவையோர் நகைத்தனர். கூரையைச் செங்குத்தாய் எழுப்பினால் நீர் விரைந்து வழிந்துவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்த நம்பிக்கையிலும் மண் விழுந்தது. கூரை தாங்கவேண்டிய உயர்ந்த மரக்கால்கள் பட்டறையில் இழைப்பிலிருக்க, நல்லநேரம் தவறிவிடும் என்று, முட்டுக்கு நிறுத்தியிருந்த குட்டைக் கால்களின் மேலேயே தங்கள் திருக்கையால் முகட்டு உத்திரத்தை ஏற்றிவிட்டீர். முரசு முழங்கியது. வேந்தர் கை ஏற்றிய மரத்தைப் பிறர் கை இறக்கலாகாது என்பது நம் நாட்டு வழக்கு. ஆதலால் கூரை சரிவின்றிப் படுத்துவிட்டது. முதல் மழையிலேயே நீர் ஓட்டினடியில் ஊர்ந்து, சுவரில் இறங்கி, கூடத்தில் குளமாய் நின்றது. தலைத்தச்சர் குணவன் ஓடுகளை இரட்டையாய் அடுக்கிப் பார்த்தார். பாரம் தாளாமல் உத்திரம் நெளிகின்றது என்று கைவிரித்தார்.

ஒரு துளியும் ஒழுகாதென மெய்ப்பிக்கும் வரை யான் மனையெல்லை தாண்டலாகாது எனக் காவல் வைத்தீர். உத்திரத்தைத் தொட்டால் குற்றம். தொடாவிடில் ஒழுக்கு நில்லாது. ஒழுக்கு நில்லாவிடில் எனக்கு விடுதலையில்லை. யான் இங்கு வந்தபின் பிறந்த மகள் இப்போது தவழ்கின்றாளாம். ஊரிலிருந்து வருவோர் சொல்லித்தான் அறிகின்றேன்.

காவல் வைத்த அன்றே, பணி முடியுங்காறும் இவ்வெல்லைக்குள் சேந்தன் சொல்லே அரசாணை, அதற்கு எவரும் விலக்கல்லர் எனக் கூறி, முத்திரை மோதிரத்தை என் விரலில் இட்டவரும் தாங்களே. வரும் வெள்ளியன்று புதுமனை காண எழுந்தருள்வதாக அறிந்தேன்.

ஆகவே ஆணை. எல்லைக்கல்லைத் தாண்டியதும் வேந்தர் பட்டாடை களைந்து, சாரத்தில் ஏறி, தாம் ஏற்றிய உத்திரத்தைத் தம் கையாலேயே இறக்குக. அது உயர்ந்த கால்களில் அமர்ந்து, கூரை ஒரு மழையைத் தாங்கும் வரை, வேந்தரும் வெளியேறலாகாது.

இது தங்கள் முத்திரை. அழுத்திய கை சேந்தனுடையது. வாயிற்காவலர்க்குச் சொல்லியாயிற்று.