அறுபது அடி என்று சொன்னேன்

அன்புள்ள சின்ன நைனா,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். நம் ஊர்க் கோவிலில் உனக்கு நினைவு ஆராதனை வைத்திருக்கிறார்கள். பாஸ்டர் நேற்று என்னைத் தேடிக்கொண்டு திருப்பதிக்கே வந்துவிட்டார். "சாமுவேல், நீ எழுந்து ரெண்டு வார்த்த சாட்சி சொல்லணும். உன் கைய ஒடச்ச சித்தப்பன நீ மன்னிச்சியே, அதச் சொல்லு. வாலிபப் பசங்க கேக்கட்டும்" என்றார். சித்தூர்ப் பக்கத்துக் கோவில்களில் இரண்டு முறை அதைப் பிரசங்கமாகவே சொல்லியிருக்கிறாராம். காப்பி குடித்தார். கிளம்பும்போது கண்ணை மூடி, என் நல்ல மனசுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அந்த டம்ளரை எடுத்து அவர் முகத்தில் அடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

சாட்சி சொல்லத்தான் போகிறேன். அவர் கேட்ட சாட்சி இல்லை. சபைக்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். உயிரோடு இருந்தபோதே உனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். என் வாய் இப்போதுதான் திறக்கிறது, என்ன செய்ய?

என்னை ஊருக்கு வரச் சொன்னதே நீதானே? வடக்கே இரும்பு ஆலையில் பத்து வருஷம் இருந்தேன். பக்கத்தில் நின்று வேலை செய்த பீகார்க்காரன் மேல் கொதிக்கிற இரும்பு கவிழ்ந்ததை உனக்கு எழுதியிருந்தேன். அவன் கத்தவில்லை. கத்துவதற்கு ஆள் மிச்சமில்லை. நீ இன்லண்ட் லெட்டரில் நாலே வரி பதில் போட்டாய். "எல்.எம்.இ. டிப்ளமா படிச்சவனுக்கு நம்ம ஜில்லாவுல வேல இல்லியா? அங்க கெடந்து சாவாத. பொட்டியக் கட்டிக்கினு வந்துடு நைனா."

வந்தேன். வேலைதான் வரவில்லை. எட்டு மாசம் நீயும் நானும் பஸ் மாற்றி பஸ் ஏறி அலைந்தோம். சித்தூரில் ஒரு ஆபீசர் என் சர்டிபிகேட்டைப் புரட்டிவிட்டு, "மீரு அரவவாள்ளு கதா?" என்றார், தமிழ்க்காரர்தானே என்று. "மா ஊரு புத்தூர் பக்கம் சார், எங்க தாத்தனுக்குத் தாத்தன் இங்கதான் பொறந்தான்" என்று நீ தெலுங்கும் தமிழுமாகக் கலந்து மன்றாடினாய். எல்லையைத் தாண்டி ராணிப்பேட்டையில் போய்க் கேட்டால், ஆந்திராக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். ஒரு சர்க்கரை ஆலை வாசலில் வாட்ச்மேன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நீ அவன் காலரைப் பிடித்து கேட்டிலேயே மோதினாய். "எம் புள்ள மேல கை வெப்பியா?" அவன் மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. இரண்டு பேரும் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே, "வேல கெடைக்கலன்னா போவுது, ஒரு மூக்காவது கெடச்சுதே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் கோபம் எப்போதும் எனக்காகத்தான் வரும் என்று நினைத்திருந்த காலம் அது.

கடைசியில் திருப்பதியில் சேலத்துக்காரர் ஒருவர் கிடைத்தார். போர் போடுகிற ரிக் வண்டி ஒன்று வைத்திருந்தார். "மூணு போர் போட்டுக் காட்டுங்க. மூணுலயும் தண்ணி வந்தா நீங்க பர்மனென்ட்டுங்க. போர்டுலயே என்ஜினியர்னு உங்க பேரைப் போட்டுக்கலாம்" என்றார். ஏர்பேட்டில் ஒன்று, சூளூர்பேட்டைக்குப் போகிற வழியில் ஒன்று. இரண்டிலும் தண்ணீர் வந்தது. மூன்றாவது நம் ஊரிலேயே அமைந்தது. நாயுடு நிலத்தில், உன் கிணற்றுக்கு அடுத்த வரப்பில்.

ரிக் வண்டி வந்து நின்றதும் நீ வரப்பில் வந்து நின்றாய். "டேய் சாமு, அவுரு இங்க போர் போட்டா எங் கெணறு என்னாவும்? கரீட்டா சொல்லு. உன்ன நம்பிக்கினு கீறேன்."

"மேல ஊர்ற தண்ணி வேற, பாறைக்கடியில ஓட்ற தண்ணி வேற, சின்ன நைனா. கெட்டிப் பாறை வர்ற வரைக்கும் இரும்பு பைப் எறக்கி மேல் தண்ணிய அடச்சிடுவோம். உங் கெணத்துல ஒரு சொட்டு கொறயாது" என்றேன். அப்போது நான் சொன்னது பொய் இல்லை. பைப்பை ஒழுங்காக இறக்கினால் அப்படித்தான். நீ வீட்டுக்குப் போய் ஒரு கூடை வேர்க்கடலையை அவித்து எடுத்து வந்து ரிக் ஆட்களுக்குக் கொடுத்தாய்.

கெட்டிப் பாறை அறுபது அடியில்தான் வந்தது. அதுவரைக்கும் கையால் தேய்த்தால் உதிர்கிற பாறை. உன் கிணற்றுத் தண்ணீர் அத்தனையும் அதில்தான் ஊறி நின்றது. எங்களிடம் இருந்த பைப்போ இருபது அடி. மீதி வேறொரு வேலைக்குப் போய்விட்டது, வந்து சேர மூன்று நாள் ஆகும். முதலாளி துளைக்குள் எட்டிப் பார்த்தார். "துளை சரியாம நிக்குதில்லீங்களா? இருக்கறத எறக்கி முடிங்க. உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, முடிக்கறதுக்கு வேற ஆள் இருக்கு."

இருபது அடியை இறக்கினேன். அதற்குக் கீழே நாற்பது அடி திறந்து கிடந்தது. உன் தண்ணீர் அந்த வழியாக நாயுடுவின் போருக்குள் வடியும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட எனக்கு இல்லை.

சாயங்காலம் நீ கேட்டாய். "எத்தினி அடி எறக்குன?"

"அறுவது" என்றேன்.

மூன்று நாள் பொறுத்திருக்கலாம். எட்டு மாசம் சின்னம்மா போட்ட சோற்றைத் தலை நிமிராமல் தின்றவனுக்கு அந்த மூன்று நாள் பெரிதாகப் போய்விட்டது. இது காரணம். நியாயம் என்று நான் சொல்லவில்லை.

போரில் தண்ணீர் பீறிட்டது. நாயுடு ஆடு வெட்டிச் சோறு போட்டார். அடுத்த வாரம் நான் பர்மனென்ட். மூன்று வாரத்தில் உன் கிணறு ஓர் ஆள் உயரம் இறங்கியது. ஒன்றரை மாசத்தில் அடிச் சேறு தெரிந்தது. நெல் கதிர் பிடிக்கிற நேரம். "மழ இல்ல சின்ன நைனா, எல்லாக் கெணறும் அப்பிடித்தான் கீது" என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். முதல் பொய்யைவிட அது சுலபமாக வந்தது.

பயிர் முழுக்கக் கருகிய பிறகு ஒரு நாள் காலையில் நீ கடப்பாரையோடு வந்தாய். ஊருக்கு மேற்கே வேறொரு போர் போட்டுக்கொண்டிருந்தோம். முதலில் வண்டியின் விளக்கு, அப்புறம் கம்ப்ரஸரின் மீட்டர்கள், அப்புறம் காற்றுக் குழாய். அறுந்த குழாய் துள்ளி ஒருத்தன் தாடையைக் கிழித்தது. "பொய் சொன்னடா. அறுவது இல்ல. எங்கிட்டயே பொய் சொன்ன" என்று கத்திக்கொண்டே அடித்தாய். நான் குறுக்கே போனேன். என் எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது.

ரிக் ஆட்கள் ஆறு பேர் உன்மேல் விழுந்தார்கள். ஒருத்தன் பெரிய ஸ்பேனரால் உன் விலாவில் அடித்தான். ஒருத்தன் பூட்ஸ் காலால் வாயில் உதைத்தான். நீ மண்ணைக் கவ்விக்கொண்டு கிடந்தாய், அப்போதும் விடாமல் உதைத்தார்கள். நான் மூன்று கஜ தூரத்தில் ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒடிந்தது கைதான். விடுங்கடா என்று சொல்ல வாய் இருந்தது. சொல்லவில்லை. நீ இப்படியே செத்துப்போனால் அறுபது அடி அறுபது அடியாகவே இருந்துவிடும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். எத்தனை உதை வரை நினைத்தேன் என்று கேட்கிறாயா? அவர்களாகக் களைத்து நிறுத்துகிற வரை.

ஊர்ப் பெரியவர்கள் போலீசுக்குப் போகவில்லை, சபைக் கமிட்டிக்குப் போனார்கள். நீ சபை முன்னால் மன்னிப்புக் கேட்கிற வரை உனக்குத் திருவிருந்து கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். மூன்று மாசம் எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது நீ மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். மூன்று மாசமும் நான் எழுந்து போய் அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு வந்தேன். தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றாய். முன்பல் இரண்டும் போன வாயில் சில எழுத்துகள் வெறும் காற்றாக வந்தன. "அண்ணம் புள்ள மேல கை வெச்சேன். அவன் எங்கிட்ட பொய் சொல்லிட்டான்னு சந்தேகப்பட்டேன். படிச்ச புள்ள, அவன் ஏன் பொய் சொல்லப் போறான்? அது எம் பாவம். அவனும் சபையும் மன்னிக்கணும்."

சபை என்னைத் திரும்பிப் பார்த்தது. இன்னும் எலும்பு கூடாமல் கட்டுப் போட்டிருந்த கையோடு எழுந்து, "மன்னிச்சிட்டேன் சின்ன நைனா" என்றேன். பெண்கள் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. நீ வந்து அந்த மாவுக்கட்டின்மேல் முத்தம் கொடுத்தாய். கடப்பாரையால் நீ அடித்தது என் கை ஒன்றைத்தான். அன்றைக்கு ஒரே வார்த்தையில் நான் உன்னை என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் கழுத்தைத் திருகியிருப்பாய். திருகியிருக்கலாம்.

அதற்கப்புறம் நீ தண்ணீரைத் துரத்திக்கொண்டு கீழே போக ஆரம்பித்தாய். "அது கீழ போயிட்ச்சி. நானும் கீழ போறேன்" என்று கிணற்றில் வெடி வைத்தாய். நீ போன அன்றைக்கு ஆறு குழி, ஆறு திரி. ஐந்து சத்தம்தான் கேட்டதாம். வெடிக்காத குழி இருந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக்கூடாது என்று கிணறு வெட்டுகிறவர்கள் உன் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்களாம். "திரி நனஞ்சி போயிருக்கும்" என்று இறங்கினாய். குனிந்து பார்க்கும்போது அது வெடித்தது.

நான் வந்தபோது யாரும் இறங்கத் துணியவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு நான் இறங்கினேன். அங்கே பார்த்ததை எல்லாம் எழுத மாட்டேன், இந்தக் கடிதம் சின்னம்மா காதிலும் விழவேண்டியது. உன்னைச் சாக்கில் கட்டித்தான் மேலே அனுப்பினேன். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நாயுடு நிலத்தைப் பார்த்த சுவரில் வெடி புதிதாக ஒரு பிளவைத் திறந்திருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. விரலைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடியது. உன் ரத்தமும் அதில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் எனக்குள் இருந்த என்ஜினியர் சரியாகத்தான் கணக்குப் போட்டான், எந்தத் துளைக்குப் போகிறது என்று.

இப்போது முதலாளியிடம் இரண்டு ரிக். இரண்டுக்கும் நான்தான். என்ஜினியர் சார் என்கிறார்கள். நாயுடு கரும்பு போட்டிருக்கிறார். சின்னம்மாவைத் திருப்பதிக்கு அழைத்து வந்து என்னோடு வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் ஊர் என்னைப் புகழ்கிறது. அடித்தவன் பெண்டாட்டியைக்கூட வைத்துச் சோறு போடுகிறானே என்று.

போன வாரம் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள். "ஒரு பாவமும் அறியாத புள்ளய அடிச்ச கை. அதுக்குத்தான் கர்த்தர் அவர அப்பிடி எடுத்துக்கினாரு. துன்னுடா நைனா, ஏன் பாத்துக்கினே கீற?" கோபமாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னாள். முப்பது வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தவள், நீ சாபம் பட்டுச் செத்ததாக நம்பிக்கொண்டு தினமும் படுத்து எழுந்திருக்கிறாள். அந்தச் சாபத்தை உன் தலையில் ஏற்றியவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள்.

இதற்கு மேல் என்னால் முடியாது. வேலை போகும், தெரியும். எட்டு மாசம் நாம் அலைந்து கிடைத்த வேலை. ஊரிலும் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். நாயுடுவின் ஆட்களும் முதலாளியின் ஆட்களும் என்ன செய்வார்கள் என்று உனக்கே நன்றாகத் தெரியும். செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவிலுக்குக் கிளம்புமுன், இதைச் சின்னம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து படிப்பேன். பிறகு பாஸ்டர் கூப்பிடும்போது, நீ நின்ற இடத்தில் போய் நிற்பேன். பைப் இருபது அடி, என் சின்ன நைனா சந்தேகப்பட்டது சரி என்று சொல்வேன். அவ்வளவுதான் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன், சின்ன நைனா. நம் சபையை உனக்குத் தெரியுமே, கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

உன்னிடம் பொய் சொன்ன உன் அண்ணன் மகன்,
சாமுவேல்