டோக்கன் கேட்காமல் கொடுத்த இரண்டு கோட்டுகள்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, சின்னவள், நான் மூவரும் நலம். நீ நலமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் கேள்வியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போனில் நீ அழுதாய், நான் கத்தினேன், அப்பா பிடுங்கி அவரும் கத்தினார், யாரும் யார் சொன்னதையும் கேட்கவில்லை. அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். பட்டம் வாங்கியவள், அழகாக எழுதுவாள், ஆனால் என் திட்டில் பாதியை விழுங்கிவிடுவாள். விட்டுப்போனதை நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை காலை சலவைக் கடையில் நல்ல கூட்டம். நீ போனில் சொல்லி அழுதாயே, அவன்தான், கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, ஆன்ட்டி, நான் குருவிகூட ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன், லீவுக்கு வந்தேன், உங்களைப் பார்த்துட்டு வரச் சொன்னா என்றான். குருவி என்று நம் வீட்டு ஆட்களைத் தவிர உன்னை யார் கூப்பிடுகிறார்கள்? அந்த ஒரு சொல்லில் நான் கவிழ்ந்தேன். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். ஏதாச்சும் கொடுக்கணுமா ஆன்ட்டி, நாளைக்கே திரும்பறேன் என்று பல்லைக் காட்டினான். போன லீவில் நீ விட்டுப்போன இரண்டு வெள்ளைக் கோட்டுகளை மைக்கறை போக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து வைத்திருந்தேன். பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்றுகூட அவனுக்கு அதுவரை தெரியாதாம். அட்ரஸ் கொடுத்தா ரூம்லயே சேர்த்துடறேன் என்றதும் அத்தனையும் ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தவள் நான். எத்தனை மணிக்கு வேலை முடியும், எந்த வாசல் வழியாக வருவாய், அதையும் கேட்டான், அதையும் சொன்னேன். பக்கத்தில் துணிகளுக்கு எண் தைத்துக்கொண்டிருந்த சின்னவள் என் முழங்கையை இரண்டு தரம் இடித்தாள். சும்மா இருடி என்றேன். அவன் தெருமுனை தாண்டிய பிறகு, கூட வேலை பார்க்கிறவனுக்கு ஷிஃப்ட் தெரியாதாம்மா என்று கேட்கிறாள்! அவன் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும் என்று அவளையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். தலையைக் குனிந்துகொண்டு இந்த வரியையும் எழுதுகிறாள் பார்.

உடனே உனக்குப் போன் அடித்தோம். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். வெள்ளிக்கிழமை புது எண்ணிலிருந்து நீ கூப்பிட்ட பிறகுதான் தெரிகிறது, அவனுக்குப் பயந்து எண்ணை மாற்றியவள் அதைப் பெற்றவர்களிடம் சொல்ல வெட்கப்பட்டாயாம். வெட்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு. அந்தப் படம் அனுப்பு, இந்தப் படம் அனுப்பு என்று அவன் உயிரை எடுத்த அன்றே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கவுண்டரில் நின்றவனை இஸ்திரிப் பெட்டியோடு வரவேற்றிருப்பேன். நீ மூடி மறைத்தாய், நான் வாரிக் கொடுத்தேன். உன் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான், கோட்டில் தைத்திருந்த உன் பெயரைப் பார்த்துச் சொந்தக்காரன் என்று நம்பிக் காவலாளி உன்னை வெளியே கூப்பிடுகிறார். அந்தத் தலைமை நர்ஸம்மா மட்டும் உன் முகம் வெளுத்ததைப் பார்த்து உன்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தவில்லை என்றால்? அதற்கு மேல் யோசிக்க என்னால் முடியவில்லை.

துணை தேடினாய் என்பதற்கு எனக்குக் கோபமில்லை, அது உன் வயசு. போனில் ஜோடி தேடித் தரும் ஏதோ ஆப்பாம், இலவசம் என்று போட்டிருந்ததாம், புகுந்தாயாம். வாசலில் கதவே இல்லாத இடத்தில் எவன் வேண்டுமானாலும் வருவான் என்று ரத்தம் எடுக்கப் படித்த உனக்குத் தெரியாதா? ஊசி குத்துமுன் பெயர், வயது, படுக்கை எண் மூன்றையும் கேட்பவள், இவனிடம் ஒன்றைக்கூடச் சரிபார்க்கவில்லை. முகத்தைக் காட்டிப் பேசு என்று நீ கேட்டபோதெல்லாம் கேமரா கெட்டுப்போச்சு என்றவனை மூன்று மாதம் நம்பினாய். வீட்டில் கூப்பிடும் பெயரையே அங்கே போட்டு, நம் கடை வாசலில் போர்டு தெரிய எடுத்த படத்தையும் மாட்டி வைத்தாய். அந்தப் போர்டைப் படித்துத்தானே வந்தான்! இனி யாரையாவது பார்க்கப் போனால் பட்டப்பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் பார். நீயாகப் போ, நீயாகத் திரும்பு, அவன் வண்டியில் ஏறாதே. எங்கே, யாரோடு என்று தோழியிடம் சொல்லிவிட்டுப் போ. முகம் மறைத்த படமானாலும் அனுப்பாதே. அவன் அனுப்பிய அசிங்கத்தை அருவருப்பில் அழித்துவிடாதே, அப்படியே போலீசில் காட்டு. அறையைக் காலி செய்து நர்ஸம்மா வீட்டில் இருப்பது நல்லது, அந்த முகவரியை எனக்குக்கூடக் கடிதத்தில் எழுதாதே.

அப்பா வேலையை விட்டுட்டு வரச் சொல்லு என்று குதிக்கிறார். தப்பு செய்தவன் ஊர் சுற்றுவான், என் மகள் வீட்டில் முடங்கணுமா என்று கேட்டேன். நீ வேலைக்குப் போ. நிமிர்ந்து போ.

இருபத்திரண்டு வருடமாக டோக்கன் இல்லாமல் ஒரு கைக்குட்டையைக்கூட நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. கண்டக்டர், வாத்தியார், கடை முதலாளியின் மைத்துனர் வரைக்கும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெற்ற பெண்ணைத்தான் டோக்கன் கேட்காமல் தூக்கிக் கொடுத்தேன். உன்மேல் இருப்பதைவிட எனக்கு என்மேல்தான் கோபம், சின்னவளே, இதை விழுங்காமல் எழுது.

இதோடு ஒரு பித்தளை டோக்கன் வைத்திருக்கிறேன். அதன் ஜோடி என் கவுண்டர் ஆணியில் தொங்குகிறது. எண்ணை இங்கே எழுத மாட்டேன். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு இனி யார் வந்தாலும், நீயே கூப்பிட்டதாகச் சொன்னாலும், அது கைக்கு வராமல் உன்னைப் பற்றி ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. நல்லவன் ஒருவன் என்றைக்காவது கிடைப்பான். அவனிடம் கொடுத்தனுப்பு, ஸ்டூல் போடுகிறேன். தைரியமாக, நோய்நொடியில்லாமல் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. அந்த டோக்கனைப் படம் எடுத்து எங்கேயும் போட்டுத் தொலைக்காதே.

இப்படிக்கு,
இனிமேல் உன் அப்பாவிடமும் டோக்கன் கேட்கப்போகிற
அம்மா