அண்ணாவின் முன்வரிசை

காதிகோய், இஸ்தான்புல்
செப்டம்பர் 4

அன்புள்ள துன்ஜாய் அண்ணாவுக்கு,

இல்லை, இந்த முறை அளவுகோல் கிடையாது. நெற்றியில் முடி தொடங்கும் கோடு சவரக்கத்தியால் இழுத்த மாதிரி நேராக வேண்டும் என்று போனில் மூன்று தடவை சொன்னீர்கள். மூன்று தடவையும் நான் பேச்சை மாற்றினேன். நான்காவது தடவை சொல்லாமல் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே ஒரு மெல்லிய தாள் இருக்கிறது. அது உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு.

அம்மா நலம். முழங்கால் வலி படிக்கட்டில் மட்டும். நேற்று தக்காளியை வெயிலில் பரப்பிக்கொண்டே சொன்னாள்: "நாலு வருஷமாச்சு அவன் இந்த வீட்டு வாசலை மிதிச்சு. தொப்பியோட வந்தாலும் வரட்டும். சாப்பிடும்போது மட்டும் கழட்டச் சொல்லு." நான் தக்காளியைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தேன்.

நேர்கோட்டுக்கு வருகிறேன். நீங்கள் முடிதிருத்துபவர். அங்கே டூயிஸ்பர்க் ஊரில் உங்கள் நாற்காலியில் உட்காரும் பையன்களுக்கு நெற்றியில் கோடு நேராக நிற்க வேண்டும். இரண்டு வாரத்தில் முடி வளர்ந்து கோடு அழிந்துவிடும், மறுபடி வருவார்கள். அது உங்கள் தொழில். நான் போடும் கோடு அழியாது. அறுபது வயதிலும் உங்கள் முகத்தில் இருக்கும். தாடி நரைத்து, கன்னம் இறங்கி, கோடு மட்டும் இருபது வயதில் நின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே கண்ணாடியில் பார்த்துச் சொல்லுங்கள். உங்களைச் சுற்றி எட்டுக் கண்ணாடிகள் இருக்கின்றன.

காலையில் படகில் வரும்போது எதிரே இருப்பவர்களின் நெற்றிகளைப் பார்க்கிறேன். முதல் முடி எங்கே தொடங்குகிறது என்று ஒருவரிடத்திலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. முதலில் ஒன்று, தனியாக. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று, சற்று முன்னால் தள்ளி, வரிசை தவறி. பிறகு இரண்டிரண்டாக. அதற்கும் பின்னால்தான் அடர்த்தி. எல்லை என்று ஒன்று கிடையாது. இருக்கிறது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

எட்டு வருடம் முன்பு நட்ட உங்கள் பழைய கோடு புருவ நடுவிலிருந்து ஐந்தரை சென்டிமீட்டரில் நிற்கிறது. புதியது ஏழரை. இரண்டு சென்டிமீட்டர் நெற்றியை உங்களுக்குத் திருப்பித் தருகிறேன். பக்கவாட்டு மூலைகளை அடைக்க மாட்டேன். அவை கொஞ்சம் உள்ளே போகட்டும். முப்பத்தைந்து வயது ஆணுக்கு அங்கே முடி இருந்தால்தான் சந்தேகம் வரும்.

கோபம் வருகிறதா? வரட்டும். படித்து முடியுங்கள்.

முன்னால் நடுவதற்குப் பின்தலையிலிருந்து இன்னும் ஆயிரத்து எண்ணூறு முடி வேர்கள்தான் எடுக்க முடியும். அதற்கு மேல் போனால் பின்னால் பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகிவிடும். உங்கள் பழைய படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டர் ரிஃப்கி, "இந்தத் தலைக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் பெரின். நீ தப்பா வரைஞ்சா என்னால திருத்த முடியாது" என்றார். நான் தப்பாக வரைய மாட்டேன் என்றேன். "அது தெரியும், சும்மா சொன்னேன்" என்று தேநீரைக் குடித்தார். இங்கே கோடு போடுவது நான், தோலில் துளை போடுவது அவர். ஐந்து வருடமாக அப்படித்தான்.

இனி அந்தத் தாள்.

உங்களுக்கு அப்பாவின் தலை இல்லை. மெம்தூ மாமாவின் தலை. அதே நெற்றி எலும்பு, அதே சுழி. அறுபத்து நான்கு வயதில் மாமாவுக்கு முன்வரிசை அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாடாவும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உஸ்குதார் தேநீர்க் கடைக்குப் போனேன். மாமாவும் மீன்காரர் ஷாபானும் பகடை ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமா தலையை நிமிர்த்த வேண்டும் என்றேன். "இரும்மா, ஆட்டம் முடியட்டும்" என்றார். ஷாபான் விடவில்லை. "நிமிர்த்தச் சொல்லு கண்ணு. தோக்குற மூஞ்சியை எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கட்டும்."

மாமாவின் நெற்றியில் தாளை ஒட்டிப் பிரதி எடுத்தேன். பக்கத்து மேசைகள் எல்லாம் பகடையை நிறுத்திவிட்டன. ஷாபான் தன் குல்லாயைக் கழற்றி, "என்னையும் அளந்துடு" என்றார். மாமா அசையாமல், உதட்டை மட்டும் திறந்து சொன்னார்: "உன் நெத்தி எங்க முடியுதுன்னு பார்க்க அந்தப் பொண்ணு உன் முதுகுப் பக்கமா வரணும்டா."

முடிந்ததும் மாமா தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். இடது பக்கம் வலதைவிட நாலு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. "துன்ஜாய்க்குத்தானே? கொண்டு போ. கோணல்னு உங்க அத்தை நாப்பது வருஷமா சொல்லிட்டிருக்கா. அதையும் விடாம வரைஞ்சுக்க." வேறு எதுவும் கேட்கவில்லை.

விடாமல் வரைந்திருக்கிறேன். தாளில் உள்ள புள்ளி இரண்டு புருவங்களுக்கும் நடுவில் வர வேண்டும். கடை விளக்கில் பார்க்காதீர்கள், ஜன்னல் பக்கம் நில்லுங்கள். புருவத்தை உயர்த்துங்கள். மேலே விழும் கடைசிச் சுருக்கம் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முடியை நனைத்து, மேலிருந்து, பகல் வெளிச்சத்தில் நான்கு படங்கள். தொப்பி இல்லாமல். எனக்கு மட்டும்தான். டாக்டரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் கைகளை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்
தங்கை பெரின்


காதிகோய்
செப்டம்பர் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

படங்கள் வந்தன. உங்கள் கடிதமும். நான்கு பக்கம். நீங்கள் இவ்வளவு எழுதி நான் பார்த்ததில்லை.

நெற்றியில் தாளை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபோது, முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் காத்திருந்தவர் "மாஸ்டர், நல்லாத்தானே இருக்கு, பசை போட்டு அப்படியே ஒட்டிக்குங்க" என்றார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு ஒரு காதில் மட்டும் முடியைப் பொசுக்கும் நெருப்பைக் காட்டிவிட்டு, மற்றக் காதின் முடியை அப்படியே விட்டு அனுப்பினேன் என்றும். படகில் படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். எட்டு வருடத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நீங்கள் சொல்லி நான் சிரித்தது இது முதல் தடவை.

மூலைகளுக்குச் சம்மதம் என்கிறீர்கள். கோணலுக்கும். நன்றி. உயரம் மட்டும் ஏழு போதும் என்கிறீர்கள். போதாது. உங்கள் கடைசிச் சுருக்கம் ஏழிலேயே விழுகிறது, மூன்றாவது படத்தில் தெளிவாக இருக்கிறது. சுருங்கும் தோலில் முடி நடக்கூடாது. நீங்கள் ஆச்சரியப்படும்போதெல்லாம் அது குதிக்கும். ஏழரைதான்.

வேலை இப்படிப் போகும். பழைய முன்வரிசையில் முந்நூற்றுப் பத்து வேர்களை எண்ணினேன். எல்லாம் தடித்தவை, ஒவ்வொன்றிலும் மூன்று முடி, சிலவற்றில் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்போம். எறிய மாட்டோம். நல்லவற்றை உருப்பெருக்கியின் கீழ் பிரித்து, ஒற்றை முடிகளாக்கி, ஏழரையில் முன்னால் வைப்போம். பிரிக்க முடியாதவை பின்னால் போகும், அங்கே அடர்த்திக்கு உதவும். புதியவை நிமிர்ந்து நிற்காது, முன்பக்கம் சாய்ந்து கிடக்கும். பழைய இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், ஒரு வருடத்தில் மங்கும். அந்த ஒரு வருடத்தில் தொப்பி வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தேவைப்படாது. இதை நிச்சயமாகச் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். "கோடு நேரா கேட்டது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா அப்போ அந்த டாக்டர் எந்தப் புத்தியில முன்னாடி போய்க் குச்சி குச்சியா வச்சான்? பொம்மைக்கு வைக்கிற மாதிரி? நீ அந்த ரூம்லதானே இருந்தே பெரின், பார்க்கலையா?"

பார்த்தேன்.

இதை எட்டு வருடமாகப் பல விதங்களில் எழுதிப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதல் வாக்கியம் என்னைக் காப்பாற்றுவதாக இருந்தது. அதனால் வெறும் நடந்ததைச் சொல்கிறேன்.

ஷிஷ்லியில் அந்த மூன்றாம் மாடிக் கிளினிக். நான் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. வாரத்தில் நான்கு நாள் அங்கே வேர்களைப் பிரிக்கும் வேலை. மூன்று கண்ணாடித் தட்டுகள். ஒற்றை முடி ஒன்றில், இரட்டை ஒன்றில், மூன்றும் நான்கும் உள்ளவை ஒன்றில். முன்வரிசைக்கு ஒற்றை மட்டும். அது முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

டாக்டர் துளைகளைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நட்டுக்கொண்டிருந்தது ஹாஜெர் அக்கா. காலையிலிருந்து அவளுக்கு அது மூன்றாவது தலை. "ஒத்தையைக் கொடு" என்றாள். நான் ஒற்றைத் தட்டைப் பார்த்தேன். அவை மெலிந்து, கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருந்தன. மூன்றாவது தட்டில் இருந்தவை கருப்பாக, திடமாக இருந்தன. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வானொலியில் பந்தயம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஊர் முழுக்கப் பார்க்கப்போகும் இடத்தில் என் அண்ணனுக்கு மெலிந்ததை வைப்பதா என்று தோன்றியது. மூன்றாவது தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

நாலைந்து நட்டபிறகு ஹாஜெர் அக்கா இடுக்கியை நிறுத்தினாள். "ஏய், இது மூணு மாதிரி இருக்கே?" "என் அண்ணன் அக்கா, நல்லதா வைங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "உங்க வீட்டுத் தலை. அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்று தொடர்ந்தாள். துளைகளுக்குள் போகாதபோது அகலப்படுத்தினாள். கடைசி வரை அப்படியே கொடுத்தேன். வந்த எல்லோருக்கும் சரியாகச் செய்தேன். உங்களுக்கு மட்டும் நல்லதாகச் செய்தேன்.

ஆறு மாதம் கழித்து அது முளைத்தபோது முதலில் பார்த்தது நான். நீங்கள் அந்த டாக்டரிடம் போனில் கத்தியபோது பக்கத்தில் நின்றேன். நீங்கள் கொடுத்த புகாரை நல்ல மொழியில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். "முன்வரிசையில் அலட்சியமாக" என்ற சொற்கள் என்னுடையவை. அவர் கிளினிக்கை மூடிவிட்டுப் போனார். அவர்மேல் வேறு தவறுகள் இருந்தன. இது இல்லை.

கோடு நீங்கள் கேட்டது, அவர் வரைந்தது. முடி நான் கொடுத்தது.

மன்னிப்பை இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் உடனே ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். உடனே எதுவும் சொல்லாதீர்கள்.

ஆனால் ஒன்றை அடக்கத்துக்காக மறைக்க மாட்டேன். உங்கள் தலையில் எந்த வேர் எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று என்னைப்போலத் தெரிந்தவர் யாருமில்லை. இன்று நான் வரைந்தால் நன்றாக வரும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கை வேண்டாம் என்று தோன்றினால் இஸ்மிரில் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். நிதானமானவர், அவசரப்படுத்த மாட்டார். முகவரி இந்தத் தாளின் பின்பக்கம். அவரிடம் ஏழரையைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார். அந்த ஆயிரத்து எண்ணூறை மட்டும் வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கே செய்தாலும், வழியில் வீட்டுக்கு வாருங்கள். அம்மாவின் மேசையில் தொப்பியைப் பற்றி யாரும் பேசாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு பேச வேண்டாம் என்றாலும் சரி, மேசை நீளமானது. ஆண்டவன் உங்களுக்கு உடல்நலத்தையும், கண்ணாடிகளுக்கு நடுவே நிம்மதியான காலைகளையும் கொடுக்கட்டும்.

உங்கள் கைகளை முத்தமிடும் உரிமையை உங்களிடமே விட்டுவிட்டு,
பெரின்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் டாக்டர் ரிஃப்கியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்தார். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். நவம்பர் பதினெட்டு, காலை ஒன்பது மணிக்கு உங்கள் பெயரை எழுதினேன். வரைபவர் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். பிறகு கை கழுவிவிட்டு, வெளியே காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டேன்.