உன் கன்னத்தின் கோடு

இன்று காலை மில்பிடாஸ் ஆபீஸில் ஸ்பிரிட் பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். கருவியின் நுனியைத் துடைக்கும்போதெல்லாம் இப்படித்தான் வருகிறாய். ஆறுதலாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். இல்லை, பயமாக இருக்கிறது.

பேனா போன்ற அந்த நுனியை உடம்பின் உள்தோலில் வைத்து ஒளி பாய்ச்சினால், திரும்பி வரும் ஒளி திரையில் ஒரு கோடாக விழும். புற்று வந்து திசு கெட ஆரம்பித்தால் கோடு நெளியும். நாம் சேர்ந்து உருவாக்கிய கருவி செய்வது இவ்வளவுதான். ஆனால் கெடாத கோடு எப்படி இருக்கும் என்று அதற்கு யாராவது காட்ட வேண்டுமே? சிகரெட் பக்கமே போகாதவன் என்று உன்னைப் பிடித்து உட்காரவைத்தோம். தினமும் காலையில் வாயைத் திறந்து உள்கன்னத்தைக் காட்டுவாய். சூடாக எதையாவது குடித்தால் ரத்த ஓட்டம் மாறி அளவு தப்பும் என்பதால் ஸ்கேன் முடியும்வரை உனக்குக் காபி கிடையாது.

"சீக்கிரம் ஸ்கேன் பண்ணுடா, தலை வலிக்குது. நார்மலா இருக்கிறதுக்கு இவ்ளோ தண்டனையா?"

பிறகு உன் கணையத்தில் கட்டி என்றார்கள். தெரிய வந்தபோதே முற்றியிருந்தது. ஒரு மத்தியானம், சான் ரமோன் வீட்டில் படுத்தபடி, "நம்ம மெஷினை எடுத்துட்டு வந்து ஒரு தடவை பாருடா" என்றாய்.

"அந்த லைட் சில மில்லிமீட்டர்தான்டா உள்ள போகும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். இருந்தாலும் பாரு."

பார்த்தேன். உன் பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு விழுந்தது, மயிரிழைகூட விலகாமல். லேப்டாப்பை உன் பக்கம் திருப்பினேன். "பாத்தியா, நான் நார்மல்" என்று சிரித்தாய். சமையலறையிலிருந்து உன் மனைவி ஓடி வந்து, "என்ன சொல்லுது மெஷின்?" என்று கேட்டார். அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து லேப்டாப்பை மூடினேன்.

நீ போன பிறகும் உன் கோட்டை வைத்தே ஓட்டினோம். இன்று புது மாடல் வந்திருக்கிறது. அதற்குக் கெடாத கோட்டைக் காட்ட, தினமும் வந்து உட்கார உயிரோடு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நானே வாயைத் திறந்தேன். என் கோடு உன் கோட்டின் மேல் அப்படியே படிந்தது. அடியில் இருக்கும் கோடு யாருடையது என்று தெரியாத, வேலைக்குப் புதிதாக வந்த பெண், "வாவ், பெர்ஃபெக்ட்!" என்று கைதட்டினாள்.

காபி எதிரில் ஆறிக்கொண்டிருக்கிறது. கை தானாக வயிற்றுக்குப் போகிறது. அங்கே நம் வெளிச்சம் போகாது. நார்மல் என்று யார் சொன்னாலும் எனக்கு உன் சிரிப்புதான் கேட்கிறது.