பழகின குரல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அறையில் பாட்டுக் கேட்க நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கப் போனேன். எந்த ஸ்பீக்கரைக் கேட்டாலும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. "நல்லா பழகின குரல் ஏதாவது போட்டுக் கேளுங்க, வித்தியாசம் தெரியும்" என்றார் கடைக்காரர். நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். "இங்க எல்லாரும் சௌக்கியம்ப்பா" என்று கடையே அதிர முழங்கினீர்கள், சிரித்துவிட்டேன். சாதாரண ஸ்பீக்கரில் அவ்வளவுதான். உசத்தியானதில், பின்னால் அம்மா கிசுகிசுப்பதும் கேட்டது: "ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லிடாதீங்க."

அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஆஸ்பத்திரி யாருக்கு அப்பா?

வேலைக்கு நேரமாகிறது. அடுத்த மெசேஜில் அம்மாவையே பேசச் சொல்லுங்கள். அந்த உசத்தி ஸ்பீக்கரையே வாங்கிவிட்டேன்.

உங்கள் மகன்